தள்ளுக் கணக்கு

சேலம் ரோட்டுக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால்
ஏழு மாசமாய்த் திறந்தே கிடந்தது.
திரையில் இருந்த விரல்தடமெல்லாம் என்னுடையதில்லை,
ஆனால் பாதி என்னுடையதுதான்.

வலது மூலையில் ஒரு சொட்டை.
"டிஸ்பிளே பீஸ் மேடம், அதுக்குத்தான் தள்ளுபடி."
ஐம்பத்திரண்டாயிரத்தைச் சிவப்பில் அடித்து
முப்பத்தெட்டு என்று எழுதியிருந்தான்.
கீலைப் பிடித்து முழுசாய்ப் பின்னால் மடக்கினான்.
முதுகோடு முதுகு ஒட்ட,
எழுத்துக் கட்டையெல்லாம் அடிப்பக்கம் போய்
லேப்டாப் சிலேட்டாகிவிட்டது.
எனக்கு வேண்டியது அந்தச் சிலேட்டு.

கம்சலா அக்கா சீட்டை நாலாம் மாசமே எடுத்தேன்.
ஐம்பதாயிரம் சீட்டு, பதினோராயிரம் தள்ளு.
கடைக்காரன் தள்ளினது பதினாலு,
நான் தள்ளினது பதினொன்று,
ஆக மூவாயிரம் லாபம் என்று
காவேரிப்பட்டணம் பஸ்ஸில் டிக்கெட்டின் பின்னால்
எழுதிப் பார்த்தேன்.
எங்கேயோ தப்பு இருக்கிறது அந்தக் கணக்கில்.
வீட்டுக்கு எஸ்டிமேட் போட்டுப் பிழைக்கிறவள்,
தெரியாமலா?
மடியில் பெட்டி இருந்தது. விட்டுவிட்டேன்.
இன்னும் பதினாறு மாசம்
ஏலம் கேட்க வாயில்லை, கட்டக் கை மட்டும்.

இரண்டு மாடிப் படத்தைத் திறந்தால்
அதற்கு மூச்சு வாங்கியது.
படிக்கட்டை இழுத்தால்
முதல் படி வந்தது, இரண்டாம் படி வந்தது,
கடைசிப் படி
டீ குடித்துவிட்டு வந்தது.
ராம் பத்தாது என்றார்கள்.
சீட்டில் மிஞ்சிய ஆயிரத்தில் தொள்ளாயிரத்துக்கு
ஓசூர்க்காரர் ஒருவரிடம் பழசு ஒன்று வாங்கினேன்,
விரல் நீளம், கன்னடப் பேப்பரில் சுற்றி.

அல்தாஃப் கடை மாடிப்படிக்கு அடியில்.
அவன் நிமிர்ந்தால் தலை இடிக்கும்,
அதனால் நிமிர்வதில்லை.
பதினோரு திருகு. ஒன்பது கண்ணுக்குத் தெரிந்தன,
இரண்டு ரப்பர் பாதத்துக்கு அடியில் ஒளிந்திருந்தன.
ஒன்றின் தலை ஏற்கெனவே தேய்ந்திருந்தது.
"உங்களுக்கு முன்னாடி யாரோ திறந்திருக்காங்கக்கா."
டிஸ்பிளே பீஸ் என்றவன் முகம் வந்து போயிற்று.

திறந்தான்.
ராம் போட இடமே இல்லை.
இருந்ததைப் பலகையோடு வைத்துப் பற்றவைத்திருந்தார்கள்.
"பொறக்கும்போதே இவ்வளவுதான், ஏத்த முடியாது."
கன்னடப் பேப்பர் மேசைமேல்
மெல்ல விரிந்துகொண்டிருந்தது.

அவன் மூடவில்லை.
ஃபேனுக்குப் பக்கத்தில் விளக்கைத் திருப்பி
"இங்க ஒண்ணு காலியா கெடக்கு பாருங்க" என்றான்.
ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிவிட்டு
அங்கே எஸ்எஸ்டி உட்காரலாம்.
ராம் அவனுக்கு, எஸ்எஸ்டி எனக்கு,
மேலே ஆயிரத்து நானூறு,
பாதி மாசம் பிறந்து.
எழுதுகிற பேனா பெட்டியில் வரவேயில்லை என்றேன்.
டிராயரில் துழாவி ஒன்று தந்தான்,
முனை சரியாய் இருந்தது,
வால்பக்கம் யாரோ கடித்த பல்தடம்.
காசு கேட்கவில்லை. நானும் கழுவவில்லை.

ராத்திரியெல்லாம் பழையதிலிருந்து புதியதற்கு
எல்லாம் போய்க்கொண்டிருந்தது.
முப்பத்தேழு சதவீதத்தில் கரண்ட் போனது.
பேட்டரி தாங்கியது.
அந்த ஒன்றைப் பற்றி
கடைக்காரன் பொய் சொல்லவில்லை.

இப்போது படம் திறக்கிறது,
ராக்கெட் வேகமில்லை,
கடைசிப் படிக்கு டீ கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை சைட்டில்
ஜல்லிக் குவியல்மேல் கூடாரம் மாதிரி நிறுத்தினேன்.
மாதப்பன் மேஸ்திரி குனிந்து பார்த்தார்.
சிமெண்ட் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே
"படி இப்படித் திரும்புனா
ஏறும்போது பீம் மண்டையில அடிக்கும்மா" என்றார்.
அளந்தேன். ஐந்தே முக்கால் அடி.
இத்தனை நாளும் திரை சிறுசு, லோடு ஆகவில்லை,
என்றெல்லாம் சொல்லியிருப்பேன்.
கீலை முழுசாய் மடக்கி
பேனாவோடு அவர் கையில் கொடுத்தேன்.
கையைக் கைலியில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டு
மூச்சைப் பிடித்து ஒரு கோடு போட்டார்.

கோணல் கோடுதான்.
நேராக்கி என் கோட்டை மேலே போட்டேன்.
அவருடையதை அழிக்கவில்லை,
தனி லேயரில் இருக்கிறது,
மாதப்பன் என்று பெயர் வைத்து.